தேசப்பன் மேல் போர்த்திய கொடி

மாமா,

நேற்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். கூடத்துச் சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே ஓடும் அந்தக் கறுப்புக் கோடு உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகும் எண்ணெய் விட்டுப்போன கோடு அது. அதன் மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மறுபடி கசிந்து வந்துவிட்டது. இந்தத் தடவை பூச்சையே சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் அவர். சுரண்டச் சுரண்ட, இரண்டு வருஷமாகச் சுவருக்குள் பதுங்கியிருந்த வாடை எழும்பி வீடு முழுக்கப் பரவியது.

"இன்னாக்கா இது, பெட்ரோல் பங்கு மேரி நாறுது!" என்று அவர் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். நான் வாசலுக்கு வந்து நின்றேன். உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்த காலை அப்படியே கண்முன் வந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் நாம் ராயபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு வீடு துடைக்கும்போது உங்கள் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு துணி மடித்து வைத்திருந்தது. வெள்ளைத் துணி, நடுவில் பெரிய சிவப்புச் சிலுவை, மேல்மூலையில் மட்டும் நம் மூவர்ணம். விளிம்பெல்லாம் காற்றில் அடிபட்டுக் கிழிந்த நூல்.

"மாமா, இது மாதா கோயில் திருவிழாக் கொடியா? நம்ம கொடியையும் ஏன் சேர்த்துத் தைச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

நீங்கள் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அது கோயில் கொடி இல்ல மருமவளே. பாகிஸ்தான் சண்ட நேரத்துல எங்க கப்பல்ல பறந்துச்சே, அந்தக் கொடி. அப்பல்லாம் கப்பப்படைக் கொடி இப்டித்தான் இர்க்கும். தேசப்பன் மேல போத்துனது."

அன்றுதான் தேசப்பனைப் பற்றி எனக்குச் சொன்னீர்கள். எண்ணூர் குப்பத்துப் பையன். உங்கள் வயசு. "கப்பல் முச்சூடும் எந்தெந்த ஊர்க்காரனோ. நம்ம பேசறதக் கேட்டா சிரிப்பானுங்க. 'இன்னாடா நைனா, துன்னியா'ன்னு கேக்க அவன் ஒர்த்தன்தான் இர்ந்தான்." அவர் எப்படி இறந்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போரில் போய்விட்டார், கடலிலேயே அடக்கம் செய்தார்கள், அவ்வளவுதான். உடல் தண்ணீருக்குள் இறங்கும்போது மேலே போர்த்திய கொடியை மட்டும் நான்கு பேர் பிடித்துக்கொள்வார்களாம். அந்த நான்கு பேரில் நீங்களும் ஒருவர். பிறகு கேப்டன் அதை மடித்து உங்கள் கையில் கொடுத்து, அவன் அம்மாவிடம் சேர்த்துவிடு, நீதான் அந்தப் பக்கத்துக்காரன் என்றாராம்.

லீவில் வந்ததும் நேராக எண்ணூருக்குப் போயிருக்கிறீர்கள். வாசலில் நின்று கொடியை நீட்டியதும் அந்தம்மா உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எனுக்கு துணி வாணாம். எம்புள்ளைய குடு" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

இருபத்தியோரு வயசு உங்களுக்கு. அந்தக் கதவுச் சத்தத்தை எத்தனை காலம் சுமந்தீர்கள்! ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் சமயத்தில் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, யாரிடமும் சொல்லாமல் எண்ணூர் பஸ் ஏறுவீர்கள். ஒரு வருஷம் பிடிவாதமாக நானும் கூட வந்தேன். தெருமுனையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றீர்கள். பிறகு திரும்பிவிட்டீர்கள்.

"உள்ள போலாம் மாமா."

"என்னால ஆவாதும்மா. அந்தம்மா மூஞ்ச இன்னொரு தபா பாக்கற தெம்பு இல்ல."

கப்பற்படை வேலை முடிந்து, துறைமுகத்தில் சேர்ந்து, அதிலும் ஓய்வு பெற்று, எர்ணாவூரில் இந்த வீட்டைக் கட்டினோம். அத்தை போய்ச் சேர்ந்தார்கள். தேசப்பனின் அம்மாவும் இறந்துவிட்டதாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டீர்கள். அதன் பிறகு எண்ணூருக்குப் போவதையும் நிறுத்திவிட்டீர்கள். கொடி மட்டும் பெட்டியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வேப்பிலை மாற்றுவது என் வேலை.

அப்புறம் அந்த வெள்ளம். விடியற்காலையில் தண்ணீர் வாசற்படி ஏறியது. தண்ணீரா அது, எண்ணெய் ஆலைக் கசிவு கலந்து கறுப்பாக, கொழகொழவென்று! உங்களை உங்கள் மகன் சேவியரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகும்போது "பொட்டி, பொட்டி" என்று கத்தினீர்கள். சேவியர், "உயிர் பொழைக்கறதப் பாருப்பா" என்று அதட்டினார். தண்ணீர் வடிந்து, வழுக்கி வழுக்கி இறங்கி வந்து பெட்டியைத் திறந்தால், வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. தார் உருண்டையாகக் கிடந்தது.

நீங்கள் அழவில்லை. "தேசப்பன் ரெண்டாவது தபா முழுகிட்டான்" என்றீர்கள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வீடு போனதற்குத்தான் இப்படி ஆகிவிட்டார் என்று சேவியர் நினைத்தார். எனக்குத் தெரியும்.

எப்படியாவது அதைத் துவைத்துவிடலாம் என்று நான் பக்கெட்டில் சோப்புத்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சரிடம் முதல்நாள் புலம்பியிருந்தேன். பட்டணத்து மியூசியத்தில் போர்க்கொடிகளைப் பழுதுபார்க்கிற பிரிவு இருக்கிறது என்று அவர் சொல்லிவைக்க, அங்கிருந்து ரேவதி என்ற பெண் அழைத்திருந்தாள்.

"அக்கா, கொடியை என்ன பண்ணியிருக்கீங்க?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல. சோப்புத் தண்ணி ரெடி."

"ஐயோ, போட்டுடாதீங்க! வெயில்லயும் காயப்போடாதீங்க. பிரிக்கவே வேணாம். அப்படியே வெள்ளைத் துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க."

பக்கெட்டைக் காலாலேயே தள்ளிக் கவிழ்த்தேன்.

மியூசியத்துக்கு நீங்களும் வந்தீர்கள், பேசாமலேயே. ரேவதி ஒரு பெரிய வெள்ளை மேசையில் அதை வைத்து, ஓரத்தை மட்டும் மெல்லப் பிரித்துப் பார்த்தாள். "எடுத்துடலாம்னுதான் தோணுது. மாசக்கணக்காகும். முழுசாப் போகுமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றாள். பிறகு உங்களைப் பார்த்து, "சரியானதும் இங்கயே வச்சுப் பாதுகாக்க முடியும் ஐயா. ஆனா உரிமைக்காரங்க சம்மதம் வேணும். இது உங்களுதுதானே?" என்று கேட்டாள்.

பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தீர்கள். "என்னுது இல்லம்மா. நான் குடுக்கப் போனவன். இன்னும் குடுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தேசப்பன் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று தேடித்தான் ஆகவேண்டும். "நீ போய்க் கேட்டுக்கினு வா" என்றீர்கள். "நீங்க வராம நான் போக மாட்டேன்" என்றேன். மறுநாளே ஆட்டோ பிடித்தோம்.

எண்ணூரில் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. வலைகள் கறுத்துப் போய்க் குவிந்திருந்தன. தெருமுனை வந்ததும் நின்றுவிட்டீர்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். விசாரித்துப் போய் நின்ற வீட்டு வாசலில், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எண்ணெய் படிந்த பாத்திரங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பனின் தங்கை கன்னியம்மா.

"யாரு? நிவாரணத்துக்கு எயுத வந்தீங்களா?"

"இல்லம்மா. நான் ராயபுரம். தேசப்பனோட கப்பல்ல இர்ந்தவன்."

அவர்கள் கையிலிருந்த குண்டானைக் கீழே வைத்தார்கள். உங்களையே பார்த்தார்கள். "கொடி எட்த்துக்கினு வந்த அண்ணனா நீ? நான் அப்போ சின்னக் கொயந்த. கதவு சந்துல நின்னு பாத்துக்கினு இர்ந்தேன்."

தலையாட்டினீர்கள்.

"எங்க போனே இத்தினி வருசமா? எங்கம்மா உன்னிய எங்கல்லாம் தேடிச்சி தெரியுமா? பேரும் தெரியாது, ஊடும் தெரியாது. மீன் விக்க ராயபுரம் போனா, கப்பல்ல இர்ந்த புள்ள யார்னா கீதான்னு வர்றவன் போறவனலாம் கேக்கும்."

"அந்தம்மா வாணாம்னு சொல்டாங்களே..." என்றீர்கள்.

"அன்னிக்கு சொல்லிச்சி. மறுநாளே ஒக்காந்து அழுவுது. 'அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதான, எம்மாந்தூரம் தூக்கினு வந்துச்சி, ஒரு வாய் சோறு துன்னாம அனுப்பிட்டனே'ன்னு. சாவற வரைக்கும் இதே பொலம்பல். அந்தப் புள்ள வந்தா வுட்றாத, ஒக்கார வச்சி சோறு போடுன்னு என்னாண்ட சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சி."

எண்ணெய்ப் பிசுக்கென்றும் பாராமல் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அத்தை இறந்தபோதுகூட இப்படி அழுது நான் பார்க்கவில்லை. கன்னியம்மா உங்களைத் தேற்றவில்லை. "அழுதது போதும், உள்ள வா" என்று எழுப்பினார்கள். கடலுக்குப் போக முடியாத நாட்கள், வீட்டில் மீனேது? பரணில் தப்பித்த கருவாட்டில் குழம்பு வைத்தார்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டு, "இன்னங்கொஞ்சம் போடும்மா" என்றீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொடி நாசமான கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள். கன்னியம்மா கையை உதறினார்கள். "ஊரே நாசமாப் பூட்ச்சி, துணிக்கா அழுவுற? தொவச்சா போவுது. அந்த மியூசியத்துலயே இர்க்கட்டும் அண்ணே. இங்க வச்சா அட்த்த வெள்ளத்துல பூடும். ஆனா எங்கண்ணன் பேரு எயுதணும்."

போன வாரம்தான் மியூசியத்தில் கொடிகளுக்கென்று ஓர் அறை திறந்தார்கள், மாமா. இதுதான் நான் சொல்ல வந்த சேதி. நானும் சேவியரும் கன்னியம்மாவும் போனோம். விளக்கு மங்கலாகத்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் துணி சாயம் இழந்துவிடுமாம். ராணுவப் படைப்பிரிவுகளின் கொடிகள் வரிசையாக இருந்தன. குண்டு துளைத்த ஓட்டையோடு ஒன்று, பட்டு உதிர்ந்து வெறும் நூலாகிப்போய் வலைத்துணியில் தாங்கிவைத்த ஒன்று. அவற்றுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில், படுக்கவைத்தபடி உங்கள் கொடி. சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது. மூவர்ணமும் பிழைத்துக்கொண்டது. கீழ்மூலையில் மட்டும் ஒரு பழுப்புக் கறை.

"அதையும் எடுக்கப் பார்த்தா இழையே போயிடும்மா, அதான் விட்டுட்டேன்" என்று ரேவதி கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

"வுடு கண்ணு. அதுவும் நடந்ததுதான" என்றார்கள் கன்னியம்மா.

கண்ணாடி மேல் அவர்கள் கை வைத்ததும் காவலர் ஓடி வந்தார். "எங்கண்ணன் மேல போத்துனது நைனா" என்றார்கள். அவர் விலகி நின்றார். எண்ணூர் தேசப்பன் என்று எழுதியிருந்ததை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குக் கீழே, பத்திரமாக வைத்திருந்த நண்பர் என்று உங்கள் பேரும் இருக்கிறது. இருந்திருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பீர்கள். உங்களைக் கேட்க முடியாததைச் சாக்காக வைத்து நானும் சேவியரும் சரி சொல்லிவிட்டோம். கோபிக்காதீர்கள்.

இதைப் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று எனக்கு ஏக்கம் இல்லை, மாமா. தவக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்த தூக்கத்திலேயே போனீர்கள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்துவிட்டீர்கள்.

சுத்தம் செய்து முடிந்ததென்று ரேவதி கூப்பிட்டு, நாம் இருவர் மட்டும் போனோமே, அந்த நாளைத்தான் சொல்கிறேன். மேசை நிறைய விரித்து வைத்திருந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு ஓரத்தை ஒருதரம் தடவினீர்கள். சல்யூட் அடிப்பீர்கள் என்று அவள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நீங்கள் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "ஒரு டீ கெடைக்குமாம்மா?" என்றீர்கள்.

திரும்பும்போது பாரிமுனையில் பஸ் மாறினோம். ராயபுரம் வருவதற்குள் உங்கள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் குறட்டை ஆரம்பித்தது. முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திருவொற்றியூர் நெரிசலில் பஸ் குலுங்கிக் குலுங்கி நின்றது, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எர்ணாவூர் வந்ததும் கண்டக்டர் குரல் கொடுத்தார். "எம்மா, பெரியவர எழுப்பு. உங்க ஸ்டாப்பு வந்துடிச்சி."

"தூங்கட்டும் அண்ணே. கடைசி வரைக்கும் அவருக்கு டிக்கெட் குடுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, விசில் கொடுத்து, டிரைவரிடம் "மெதுவாப் போப்பா" என்றார். வீட்டைத் தாண்டிப் போனோம். அன்று என் தோளில் இருந்த அந்தக் கனம் இன்னும் அப்படியே இருக்கிறது, மாமா. நான் இறக்கி வைக்கப் போவதில்லை.

உங்கள் மருமகள்