சலாம் வைத்த சுறாக்கள்

12 ஜூலை, சனி. ஈப்போ.

பேராக் மாநிலத்தின் புளுகுச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று என் புளுகிலேயே மாட்டிக்கொண்டேன். போன வருஷம் அண்ணனின் கருமாதிச் சாப்பாட்டில், அழுதவர்களைச் சிரிக்க வைக்க ஒரு கதை விட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையோடு போய் அண்ணன் லூமுட் துறைமுகத்திலிருந்து பங்கோர் தீவுக்கு நீந்தினார், வழியில் இரண்டு சுறாக்கள் ஒதுங்கி நின்று சலாம் வைத்தன என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மகள் ரேவதி மட்டும் சிரிக்கவில்லை.

நாளை வருஷத் திதி. இன்று மத்தியானம் ரேவதி வந்தாள்.

"சித்தப்பா, படையல் போட்டுட்டு நானும் பங்கோருக்கு நீந்தப் போறேன். அப்பா செஞ்சதுதானே!"

"அடியே, அது சும்மா சொன்னதுலா!"

"பயந்துக்கிட்டு இப்ப கதைய மாத்துறீங்களா? போங்கலா!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அண்ணனுக்கு நீச்சல் அரைகுறைதான். உண்மையில், ஒருமுறை பங்கோர் போகும் ஃபெர்ரியின் கம்பியில் ஏறிக் கோமாளித்தனம் செய்து கடலில் விழுந்தவன் நான். யோசிக்காமல் பின்னாலேயே குதித்தவர் அவர். ஒரு மீன்பிடிப் படகு வந்து இருவரையும் தூக்கியது. வெட்கத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் படையலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சுறா இல்லாமல், சலாம் இல்லாமல். நாற்பது வருஷம் புளுகிய வாயிலிருந்து ஓர் உண்மை வரப்போகிறது. அவள் நம்ப வேண்டுமே, அண்ணே.