நடுப் பெஞ்சில் சோறு

ஜொகூர் பாரு, 1934

அன்புள்ள அப்பாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் இருமல் தணிந்ததா? நம் சிகாமட்டில் வெள்ளம் வடிந்ததா?

கல்லூரி விடுதியில் ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். ரப்பர் தோட்டத்துப் பையனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று சில மாணவர்கள் என்னைப் பற்றிச் சொன்னார்களாம். விடுதியைக் கவனிக்கும் சோமசேகரம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் குசினியில இருந்து சாப்பிடும், கரைச்சல் வேண்டாம்" என்று சமையலறையைக் காட்டினார்.

"எல்லாரோடயும் ஒரே மண்டபத்துல பரீட்சை எழுதித்தான் இங்க வந்தேன் ஐயா. சோறும் அவங்களோடயே சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, தட்டோடு நடுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். நான் மறுசோறு கேட்டு வாங்கினேன்.

மாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தங்கச்சி செல்லத்தை நாலு வரி எழுதச் சொல்லுங்கள், எதைப் பற்றியாவது.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. இன்றைக்கும் முதல் ஆளாகப் போய் உட்கார வேண்டும்.

வீரையன்