அலுமாரியில் இருக்கும் சப்பாத்து

அக்கா,

கோப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தால் உங்கள் கான்வாஸ் சப்பாத்துதான் முதலில் கண்ணில் படுகிறது. வெள்ளை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு நாள்கூடப் போடவில்லையே நீங்கள்! மேசையில் அலுவலகச் சுற்றுலாப் படிவம் கிடக்கிறது. மறுபடியும் உங்கள் ஊர், பன்வில பக்கம்தானாம். நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து எத்தனை தடவை எழும்பி ஜன்னலுக்குப் போனேனோ தெரியாது.

அதே படிவம்தான். பெயர், குடும்பம்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். கலியாணம் கட்டாத நம் இரண்டு பேருக்கும் சுற்றுலா அன்றைக்குக் கவுண்டர் வேலை என்பது எழுதாத சட்டம். மற்றவர்கள் பஸ்ஸில் பாடிக்கொண்டு போவார்கள். நாம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்து, அவர்கள் அனுப்பும் படங்களைப் போனில் பார்ப்போம். "பாரு புள்ள, நம்மள விட்டுட்டுப் போயி எப்படி இளிக்கிறாங்க" என்பீர்கள். சிரிப்போம். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

போன முறை உங்கள் ஊர் அருவிக்குப் போகிறார்கள் என்றதும் உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "குடும்பம்னு போட்ட எடத்துல நீ என் பேர எழுது, நான் உன் பேர எழுதுறேன். யாரு கேக்குறான்னு பாப்போம்."

"சும்மா இருங்கக்கா, ஆளுங்க சிரிப்பாங்க" என்றேன்.

மறுநாள் நீங்கள் லீவு. படிவம் சேர்க்க வந்தவர், "மிஸ் ரெண்டு பேரும் வழமை போலத்தானே?" என்றார். தலையாட்டினேன். உங்கள் மேசையில் கிடந்த படிவத்திலும் நானே 'வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு என்ன உரிமை, அக்கா?

அடுத்த நாள் இந்தச் சப்பாத்துப் பெட்டியோடு வந்து நின்றீர்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. "சரி விடு, போன் எடுக்க யாராச்சும் வேணுமே" என்று பெட்டியை அலுமாரிக்குள் தள்ளினீர்கள். சில மாதத்தில், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவேயில்லை. மன்னிப்புக் கேட்க நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

சற்றுமுன் படிவம் சேர்க்க அதே ஆள் வந்தார். "மிஸ், அன்னைக்குக் கவுண்டர் நீங்கதானே?"

"இல்ல. நான் வர்றேன்."

"அப்ப கவுண்டர்?"

"பூட்டுங்க."

படிவத்தை வாங்கிப் படித்தவர், குடும்பம் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கண்டு நின்றுவிட்டார். "மிஸ்... இவங்க இப்ப..."

"தெரியும். இருக்கட்டும்."

உங்கள் சப்பாத்து எனக்குக் கொஞ்சம் பெரிது, அக்கா. முன்னால் பஞ்சு வைத்துக் கட்டிப் பார்த்தேன். நடக்க முடிகிறது.