வெள்ளைச் சுவரில் அடித்த வெள்ளை

என் இடுப்பை விட்டு இறங்காமல் வளர்ந்த தம்பி தங்கராசுக்கு,

உன் படத்தை அழித்துவிட்டார்கள். உன் மகன் செல்வம்தான் ஆள் வைத்து அழித்தான். உன் கருமாதிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வழக்கத்தைச் சொல்லி, நடு அறையில் நீ வருடக்கணக்கில் செய்துவைத்திருந்த சுவரின் மேலும் சுண்ணாம்பை அடித்துவிட்டான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்றது எதுவும் எனக்குத் தெளிவாக இல்லை.

அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. கருமாதிச் சாமான் வாங்க ஆலங்குடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். வெள்ளையடிக்க வந்த ஆள் மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சுவத்துல எவன்டா அடிக்கச் சொன்னது?"

"எல்லாச் சுவருந்தான ஆத்தா சொன்னாக. அந்தச் சுவரு ரெம்ப மோசமால்ல இருந்துச்சு, மேடும் பள்ளமுமா. ஒங்களுக்காக நல்லா ஊத்தி ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் ஓடி வந்தான்.

"என்ன அத்தை, தல சுத்துதா?"

"ஒங்கப்பன் படத்த அழிச்சிட்டியேடா."

அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். "முன்னாடியும் வெள்ளையாத்தான அத்தை இருந்துச்சு? இப்பவும் வெள்ளையாத்தான இருக்கு?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை, தங்கராசு. பதில் இல்லாததுதான் என் கோபத்தைக் கூட்டுகிறது. கருமாதிப் பந்தியில் நான் இலையில் உட்காரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "வெள்ளச் சுவத்துல வெள்ள அடிச்சதுக்கா இம்புட்டுச் சண்ட?" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். தென்துருவப் பனிக்கண்டத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் தங்கும் இடத்துக்குச் சமையல்காரனாகப் போனாய். டீக்கடையில் உன்னை என்ன கேலி செய்தார்கள்! "ஏப்பா, ஐஸ் பொட்டிக்குள்ள ஒக்காந்து சோறு பொங்கவா போற?" என்றார்கள். ஒரு பனிக்காலம் முழுவதும் அங்கே இருந்துவிட்டு வந்தாய். வந்தவன் வேறு ஆளாக இருந்தாய். முந்திரிக்கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய், ஆனால் பார்ப்பது கொல்லையை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் அந்த வேலையை ஆரம்பித்தாய். மணமேல்குடிப் பக்கமிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு, கல் உப்பு, அரிசிமாவுக் கஞ்சி, கடையில் வாங்கிய வெள்ளைப் பெயிண்ட். தூரிகை வேண்டாம், கொத்தனார் கரண்டியும் வேண்டாம் என்று தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டாய். வெள்ளை மேல் வெள்ளை. இழுப்பாய், வழிப்பாய், காயவிடுவாய், மறுபடி இழுப்பாய். பார்க்க வந்தவர்கள் "ஒரு பென்குயினாவது போடேம்ப்பா, புள்ளைக பாக்கும்ல" என்பார்கள். "பென்குயினெல்லாம் கடலோரம். நான் இருந்த எடத்துல ஒண்ணுமே கெடையாது. அந்த ஒண்ணுமில்லாததத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்" என்று நீ சொன்னதும் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

எனக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாமல், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். உன் சுவரையும் அப்படித்தான் கூட்டிப் படித்தேன். காலையில் பார்த்தால் வெறும் சுவர். பொழுது சாயும்போது மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து விழும். அப்போது ஒவ்வொரு மேடும் எழுந்து நிற்கும், ஒவ்வொரு பள்ளமும் இறங்கும். காற்று வழித்துவிட்டுப் போன பனி, முடிவே இல்லாமல். ஒரு தடவை அதைப் பார்த்து எனக்குக் குளிர்ந்தது. சித்திரை மாதத்தில்! உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "அப்ப தெரிஞ்சிருச்சு ஒனக்கு" என்றாய்.

ஒன்று மட்டும் உனக்கு வரவே இல்லை. அந்த நீலம். "பனி பிளந்த எடத்துல உள்ளுக்குள்ள ஒரு நீலம் இருக்கும்க்கா. மேல பூசுனது இல்ல. உள்ள இருந்து வாறது" என்பாய். நீலத்தைக் கலந்து பார்த்தாய், சுரண்டி எறிந்தாய். "இது சட்டைக்குப் போடுற நீலமால்ல இருக்கு" என்று உனக்கே கோபம். பிறகு நீலமே வேண்டாம், வெள்ளைக்குள்ளிருந்தே வரட்டும் என்று காத்திருந்தாய். அது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

கருமாதி முடிந்து, சென்னையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். நீ வேட்டியில் சுண்ணாம்பும் உப்பும் பூசிச் செய்ததைக் கண்காட்சியில் வைத்தாளே, அவள்தான். சுவரைப் பற்றிப் புத்தகம் போடுவதாக உன்னிடம் சொல்லியிருந்தாளாம். நடந்ததைச் சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றவள், "இதுவும் இந்தப் படைப்போட ஒரு பகுதின்னு எடுத்துக்கலாம்மா. பனி மேல பனி விழுந்த மாதிரி" என்றாள்.

"ஒன் வீட்டுப் படத்து மேல நான் சாணியக் கரைச்சு ஊத்துனா அதுவும் பகுதிதானாம்மா?" என்று கேட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த உன் பெண்டாட்டி சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

செல்வம் என் கோபத்துக்குப் பயந்துவிட்டான். "சொரண்டி எடுக்க ஆளு இருக்காகளாம் அத்தை, மேல் சுண்ணாம்ப மட்டும் எடுத்துருவாகளாம்" என்றான். நானும் சரி என்றுதான் இருந்தேன். அடுத்த பேச்சிலேயே, தான் வேலை பார்க்கும் வளைகுடாவுக்குத் திரும்பும் முன்னால் மேற்குப் பக்கம் ஒரு அறை இழுத்துக் கட்டி ஏசி வைக்கப் போவதாகச் சொன்னான். அம்மா தனியாகச் சூட்டில் கிடக்கிறாளாம். அவன் நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் அந்த அறை வந்தால் ஜன்னல் மூடிப்போகும். ஜன்னல் போனால் வெயில் ஏது? வெயில் இல்லாமல் சுரண்டி என்ன, சுரண்டாமல் என்ன?

அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்றுதான் பொழுது சாய்கிற நேரத்தில் அந்த அறைக்குப் போனேன். வெள்ளையடித்த பிறகு அந்த நேரத்தில் நான் உள்ளே போனதில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

வெயில் விழுந்திருந்தது. மேடுகள் இருந்தன, தங்கராசு. கொஞ்சம் மழுங்கிப்போய், ஆனால் இருந்தன. வெள்ளையடித்தவன் ஊத்தி ஊத்தி அடித்தானே, அது உன் பள்ளங்களில் இறங்கித் தேங்கிக் காய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று அதில் நீலம் கலந்திருக்கிறான், எல்லாரும் கலப்பதுதான். மேடெல்லாம் வெள்ளை. பள்ளத்தின் அடியில் மட்டும் ஒரு நீலம். உள்ளே இருந்து வருகிற மாதிரி.

நான் சரசுவைக் கூப்பிட்டேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும் அண்ணி" என்றாள். "நான் இங்கதான கெடந்தேன், தெனமும் பாத்தேன். நீங்க கோவத்துல இருந்தீக. சொல்லல."

"இதுவாடி அவன் சொன்ன நீலம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன அங்கிட்டுப் போயா பாத்தேன்?"

அவள் சொல்வது சரிதான். இந்த ஊரில் அந்த நீலத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். இதுதானா? அல்லது சட்டைக்குப் போடுகிற நீலமேதானா? நீ இருந்திருந்தால் சுரண்டி எறிந்திருப்பாயா, இல்லை தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றிருப்பாயா? எவ்வளவு நீலம் போட்டான் என்று அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கண்ணளவுதான் ஆத்தா" என்றான். அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சுரண்டினால் உன் வெள்ளை கிடைக்கலாம், நீலம் போய்விடும். விட்டுவைத்தால் அது உன் படமா, அவன் அடித்த சுண்ணாம்பா? எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அதற்காக செல்வம் செய்தது சரியாகிவிடாது. அந்தச் சுவரில் சாமியே வந்து நின்றாலும் அவன் கேட்காமல் செய்தது கேட்காமல் செய்ததுதான். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஆகவே எல்லாரும் படிக்கும்படி இங்கே சொல்லிவிடுகிறேன். செல்வம் அறையை வடக்குப் பக்கம் கட்டட்டும். சுரண்டுகிற ஆளை வரச் சொல்லக் கூடாது. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போனை அணைத்துவிட்டு அந்தச் சுவருக்கு எதிரே உட்கார வேண்டும். என்னிடம் மன்னிப்பு வேண்டாம், பார்த்தால் போதும். உன் போட்டோவைச் சட்டம் போட்டு, மாலை போட்டு, அந்தச் சுவரின் நடுவில் மாட்ட சொந்தக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். சரசு ஒரு ஆணிகூட அடிக்க விடக் கூடாது. சென்னைப் பெண் புத்தகத்தில் எழுதும்போது வெள்ளை தங்கராசுவினுடையது, மேல் சுண்ணாம்பு யாரையும் கேட்காமல் அடித்தது, நீலம் யாருடையது என்று தெரியவில்லை என்று எழுத வேண்டும். பனி மேல் பனி என்று எழுதினால் நான் பஸ் ஏறி வருவேன். வெள்ளையடிக்கிற ஆள் பொங்கலுக்கு வரலாம், மற்றச் சுவர்களுக்கு மட்டும்.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. இதுதான் நீ சொன்ன நீலம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்ல எவரையும் விடவும் மாட்டேன். அங்கே வந்ததும் உன்னிடமே கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் அந்த மேற்கு ஜன்னல் திறந்தே இருக்கும். இது சத்தியம்.

உன் சுவரைப் பார்த்துச் சித்திரையில் குளிர்ந்துபோன அக்கா,
பாக்கியம்