ஏறும், திரும்பாது

என் கண்ணு மல்லிகாவுக்கு,

உன் அத்தை எழுதுறேன். மூணாங்கிளாஸ் கையெழுத்து, கூட்டிக் கூட்டித்தான் வருது. ஆனா எனக்கு மறக்க வராதுன்னு உனக்கே தெரியும்.

அன்னைக்குப் பாறை மேல யார் யாரு இருந்தாங்கன்னு முதல்ல எழுதிடுறேன். நாங்க அங்க இல்லவே இல்லன்னு இப்ப சொல்றவங்களும் இருக்காங்க, அவங்களும் இதைப் படிக்கட்டும். நீ இருந்தே, ரிமோட்டைக் கையில புடிச்சிக்கினு. மஸ்கட்டுலருந்து லீவுல வந்த உன் அண்ணன் சேகர் இருந்தான்; ரிமோட்டுல ஓடுற அந்தச் சின்ன பொம்ம வண்டிய வாங்கியாந்ததே அவன்தான். ஜீப்பு ஓனர் கோவிந்தன் இருந்தான். பக்கத்து வூட்டு ராஜம்மா புளி காயவெச்சிக்கினு இருந்தா. உன் பொண்ணு பவுனு என் இடுப்புல இருந்தா. அப்புறம் கோவிந்தன் ஜீப்பை ஓட்டுனவன், உன் வூட்டுக்காரன், என் வயித்துல பொறந்தவன். அவன் பேரை இப்ப எழுத மாட்டேன்.

கொழந்தைக்குன்னுதான் சேகர் அந்த வண்டிய குடுத்தான். கொழந்த அதைப் பாத்து அலறிக்கினு என் முந்தானைக்குள்ள பூந்துட்டா. நீ எடுத்து வெச்சிக்கினே. கீழ சந்தவாசல் ஊருல உங்கப்பா சைக்கிள் கடையில வளந்தவ நீ, ஸ்பானர் புடிச்ச கை சும்மா இருக்குமா? "மருமக சாமை குத்துவான்னு பாத்தா ஸ்குரு கழட்டிக்கினு உக்காந்திருக்கா"ன்னு ராஜம்மாகிட்ட சொன்னேன். உன் காதுல விழணும்னுதான் சத்தமா சொன்னேன். "சாமையும் குத்திட்டேன் அத்தை, பானையத் தொறந்து பாருங்க"ன்னே. தொறந்து பாத்தேன். குத்தித்தான் வெச்சிருந்தே. அதுவும் எனக்குக் கோவம்தான்.

கரண்டு இல்லாத நம்ம மலையூருல, ஜீப்பு பேட்டரியிலருந்து ஒயர் போட்டு அதுக்கு சார்ஜ் ஏத்துனே. கொஞ்ச நாள்ல மண்ணு பூந்து வண்டி கரகரன்னு அரைக்க ஆரம்பிச்சிது. பிரிச்சி முறத்துல பரப்பிட்டே. என் முறம். பின்னாடி அச்சுக்கு நடுவுல ஒரு சின்னக் கூண்டு, அதுக்குள்ள பட்டாணி அளவுல பல் சக்கரங்க. டிஃபரன்ஷியல்னு சொன்னே. வண்டி திரும்புறப்ப வெளிப்பக்கச் சக்கரம் நெறைய ஓடணும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் ஓடுனா போதும், ரெண்டுக்கும் சண்டை வராம பாத்துக்கிறது அந்தக் கூண்டுதான்னே. "ஜீப்புக்கும் இதேதான் அத்தை. அங்க பின்னாடி குடம் மாதிரி தொங்குதே, அது"ன்னே. வண்டியத் தூக்கிப் புடிச்சி ஒரு சக்கரத்தை முன்னாடி சுத்துனே, இன்னொண்ணு பின்னாடி சுத்துச்சி. "மாமியா மருமகதான்"னு நான் சொன்னேன். அதை நீ ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சே.

பல்லு பல்லோட சரியா கடிக்காம எடைவெளி வுழுந்திருந்துது. பவுடர் டப்பா தகரத்துல மெல்லிசா வாஷர் வெட்டிப் போட்டு அந்த எடைவெளிய அடைச்சே. அரைக்கிற சத்தம் நின்னுடுச்சி. அதோட விட்டிருக்கலாம்.

விட்டியா? பாறையில ஏறுறப்ப ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்கிக்கும். அது மட்டும் வெட்டியா சுத்தும், தரையில இருக்கிற சக்கரம் அசையவே அசையாது. வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். ஒனக்கு அது பொறுக்கல. என் இரும்புக் கரண்டிய எடுத்துக்கினு போய் அதுல அரக்கு உருக்கி, அந்தக் கூண்டுக்குள்ள ஊத்தி இறுக்கிட்டே. இனிமே ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். கரண்டிக்காக நான் உன்னோட பேசாம இருந்தேன். இன்னைக்கும் அதுல குழம்பு கிளறுனா அரக்கு வாசம்தான் வருது. வேற கரண்டி வாங்கல.

அன்னைக்கு அந்த வண்டி ஏறுச்சி பாரு! உடும்பு மாதிரி பாறையப் புடிச்சிக்கினு ஏறுச்சி. கோவிந்தன் விசில் அடிச்சான். ராஜம்மா புளிக் கையோட தட்டுனா. உச்சிக்குப் போனதும் நீ வளைச்சே. அது வளையல. முன் சக்கரம் திரும்பி நின்னுச்சி, பின் சக்கரம் ரெண்டும் சேந்து நேரா தள்ளிக்கினே போயி, அந்தப் பக்கம் ராஜம்மா புளி மேல தொபுக்குன்னு வுழுந்துது. "எம் புளி போச்சிடி பாவி!"ன்னு அவ கத்துனா. எல்லாரும் சிரிச்சோம்.

நீ சிரிக்கல. வண்டிய எடுத்துத் தொடைச்சிக்கினே சொன்னே: "ஏறும். திரும்பாது."

"ஏறுதில்ல, அது போதும்மா"ன்னு கோவிந்தன் சொன்னான். ஒடனே அவன் சொன்னான், என் புள்ள: "நம்ம வண்டிக்கும் இப்படிப் பண்ணிடலாம்ணே. கீழ வெல்டிங் கடையில குடுத்தா ஒரே நாள்ல ஒட்டிடுவான். மழைக்கு சேத்துல மாட்டவே மாட்டாது."

"வேணாங்க. நேரா போறதுக்குத்தான் அது ஆவும். நம்ம ரோட்டுல நேரா எங்கங்க கீது?"ன்னு நீ கேட்டே.

"இன்னாடி, பொம்ம வண்டிய வெச்சிக்கினு எனக்கு ஜீப்பு சொல்லித் தர்றியா?"

மறுநாளிலருந்து நீ மறுபடி அதோட உக்காந்தே. அரக்கைச் சூடு காட்டி சொரண்டி எடுத்தே. தேன்மெழுகும் ஜீப்பு கிரீசும் சேத்துக் காய்ச்சினே, மறுபடி என் கரண்டியிலதான். கூண்டுக்குள்ள அதைக் கெட்டியா அடைச்சே. இப்ப சக்கரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியும் இல்ல, வுட்டும் இல்ல. அவனைக் கூப்புட்டு காட்டுனே. தெணறித் தெணறித்தான் ஏறுச்சி, நடுவுல வழுக்கி எறங்கி மறுபடி ஏறுச்சி. ஆனா உச்சியில அழகா வளைஞ்சி, உன் காலாண்டயே வந்து நின்னுச்சி.

"ஜீப்புக்கு மெழுகு ஊத்தச் சொல்றியா?"ன்னு கேட்டான்.

"ஜீப்புக்கு ஊத்த முடியாதுங்க. அந்த வெல்டிங்கை மட்டும் எடுத்துடுங்க. சேத்துல மாட்டுனா எறங்கித் தள்ளலாம். நானும் வந்து தள்றேன்."

அதுக்குள்ள ஒட்டிட்டு வந்திருந்தான்னு அப்பத்தான் எனக்கே தெரியும். அவன் சிரிச்சிக்கினே போய்ட்டான். நானும் தள்றேன்னு சொன்ன பொண்ணைப் பாத்து ஒருத்தனுக்கு எப்படிம்மா சிரிப்பு வரும்?

ஆடிக்கு அவன் ஓட்டுற ஜீப்புலயே உங்கப்பா வூட்டுக்குக் கெளம்புனே. பவுனுக்கு ஜொரம், என்கிட்ட வுட்டுட்டுப் போனே. லேசா தூறல்தான், மழைன்னுகூட சொல்ல முடியாது. மலையடியில இருக்கிற அமிர்திக்கு எறங்குற கொண்டை ஊசி வளைவுல வண்டி வளையாம நேரா போச்சி. அவன் தெறிச்சி வெளிய வுழுந்தான், முழங்கையில சிராய்ப்பு. நீ வண்டியோட போனே.

வூட்டுக்கு வந்து என் கால்ல வுழுந்து அழுதான். "வண்டி திரும்பல யம்மா, திரும்பவே இல்ல." நீ சொன்ன வார்த்தைதான் அது. உன் வாயிலருந்து வந்தப்ப அவனுக்குக் கேக்கல.

போலீசு வந்து கேட்டப்ப மட்டும் அந்த வார்த்தைய மாத்திட்டான். "பிரேக் புடிக்கல சார்"னான். பாறை மேல இருந்தவங்க யாரும் வாயத் தொறக்கல. நான் தொறந்தேன். "கெழவிக்கு துக்கத்துல புத்தி பெசகிப் போச்சி"ன்னு கோவிந்தன் என் கையப் புடிச்சி உள்ள கூட்டினு போய்ட்டான்.

எல்லார் மேலயும் வன்மம் வெச்சேன். வண்டி வாங்கியாந்ததுக்கு சேகர் மேல. அவன் அடுத்த லீவுல வந்து பாறையில உக்காந்து அழுததப் பாத்து விட்டுட்டேன். கை தட்டுனதுக்கு ராஜம்மா மேல. அவளும் பாவம், பவுனுக்கு தலை வாரிவுடுறா. என் அடுக்குச் சட்டியத் திருப்பித் தராதது வேற கணக்கு, அது இருக்குது. கோவிந்தன் அந்த ஜீப்பைப் பாக்கவே மாட்டேன்னு மலைய வுட்டே போய்ட்டான். ஒழியட்டும்.

என் புள்ளைக்கு சோறு போட்டேன், பேச்சு போடல. தட்டை வெச்சிட்டு வெளிய வந்துடுவேன். பவுனு நெட்டையா வளந்துட்டா மல்லிகா, உன் விரலு, உன் நெத்தி. கீழ பள்ளிக்கூடத்துல தங்கிப் படிக்க எடம் கெடைச்சிருக்குது. போன வாரம் உங்கப்பாவே ஏறி வந்தாரு. "சம்பந்தியம்மா, பெத்த புள்ளைய எத்தினி வருஷம் தள்ளி வெப்பீங்க? என் பொண்ண பறிகுடுத்தவன் நானே சொல்றேன், விட்டுடுங்க"ன்னாரு. அவனும் வாசப்படியில நின்னுக்கினு, "பவுனுவ நானே கொண்டுபோய் உடுறேன் யம்மா. அந்த ஒரு நாளாவது நான் அப்பனா இருக்கிறேன்"னான். இப்ப வேற ஜீப்பு ஓட்டுறான், சொந்தமா.

கல்லு கரைஞ்ச மாதிரிதான் இருந்துது எனக்கு. உன்கிட்ட மறைப்பானேன். அவனுக்குப் புடிச்ச சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்குனேன். தண்ணி மொண்டாரலாம்னு வாசலுக்கு வந்தேன்.

ஈர மண்ணுல அவன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தான். வளைஞ்ச எடத்துல உள்பக்கச் சக்கரம் உருளல மல்லிகா. மண்ணை வழிச்சி வாரிக்கினு வந்திருக்குது. அரக்கு ஊத்துனப்ப உன் சின்ன வண்டி பாறைத் தூசியில போட்ட அதே கோடு. நீ விரலை வெச்சிக் காட்டுனியே, "உள்சக்கரம் இழுபடுது பாருங்க அத்தை"ன்னு.

உள்ள போயி, இத்தினி வருஷத்துல முதல் பேச்சா கேட்டேன். "மறுபடியும் ஒட்டிட்டியாடா?"

சோத்துல கை வெச்சிக்கினே சொன்னான்: "மழைக்காலம் முடியற வரைக்கும்தான் யம்மா. இப்ப பாத்து ஓட்டுவேன்."

ஒரு தடவை நடந்தது தெரியாம நடந்ததுன்னு வெச்சிக்கலாம். நீ செத்தும் அவனுக்குத் தெரியலன்னா, இன்னும் இன்னா நடந்தா தெரியும்? தட்டை எடுத்து வெளிய வெச்சேன். உங்கப்பா தலையக் கவுத்துக்கினாரு.

உன் வண்டி என் பொட்டியில இருக்குது. பேட்டரி செத்து எத்தினியோ நாளாச்சி. சில நேரம் எடுத்து ஒரு சக்கரத்தை இப்படிச் சுத்துவேன், இன்னொண்ணு மெல்ல அப்படிச் சுத்தும். உன் மெழுகு இன்னும் உள்ள இருக்குது. அதைப் பாத்து இன்னா பண்ணப் போறேன்? நீ கண்டுபுடிச்சது சரிதான்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. சொன்னாலும் நீ வரப்போறதில்ல. மலையில இருக்கிற மத்த டிரைவருங்களும் இப்ப ஒட்டிக்கிறாங்களாம். அவன்தான் சொல்லிக் குடுத்திருக்கான், நல்லா ஏறுதுன்னு.

உனக்கு ஒண்ணே ஒண்ணு சத்தியம் பண்றேன். பவுனு அந்த ஜீப்புல கால் வெக்க மாட்டா. பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு அவ டிரங்குப் பொட்டி என் தலையில, அவ கை என் கையில, அமிர்தி பஸ் வரைக்கும் நடந்தே எறங்குவோம், மழை கொட்டுனாலும். லீவுக்கு வந்தாலும் நடைதான். என் முட்டி இருக்கிற வரைக்கும் இது நடக்கும். அதுக்கப்புறம் யாரு நடத்திக் கூட்டினு போவா? நீயே சொல்லு, எனக்குத் தெரியல.

இந்த ஊரு என்னை எப்பவும் புள்ள பேரைச் சொல்லி, இன்னார் அம்மான்னுதான் கூப்புடும். இனிமே பவுனு ஆயான்னு கூப்புடுங்கன்னு சொல்லிட்டேன். பழைய பேர்ல கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்.

பவுனுவோட ஆயா,
உன் அத்தை,
பச்சையம்மா.

எழுதாம வெச்ச பேரு ஒண்ணு இருக்குதில்ல. நான் மன்னிக்காதவன் பேரு: ஏழுமலை.