இரண்டாவது தட்டு

ஜூன் 21

வீடு முழுக்கச் சர்க்கரை வாடை. அப்பா அடுப்பின் முன்னால் நிற்கிறார், கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் மோட்டாரின் சூடு பார்க்க வைத்திருக்கும் கருவி. கொதிக்கும் பாகைக் குறிவைத்து, எண்ணைப் படித்து, காகிதத்தில் குறித்துக்கொள்கிறார்.

"என்னப்பா இது?"

"ஃபட்ஜ்னு ஒரு வெண்ணெய் இனிப்பு. தேசிய நாளுக்கு, கொடி கலர்ல. முந்நூறு துண்டு செஞ்சு தரேன்னு செயலாளர் மேடத்துகிட்ட ஒத்துக்கிட்டேன்."

முந்நூறு. வாழ்நாளில் ஒரு முட்டை வேகவைத்ததில்லை இந்த மனிதர்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

ஜூன் 22

தெரிந்ததை எழுதி வைக்கிறேன். எழுதினால் எரிச்சல் குறைகிறதா பார்க்கலாம்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். வேலை இருக்கும்வரை தங்கலாம் என்பதுதான் அவருடைய அனுமதி. வரும் பிப்ரவரியில் ஓய்வு. அதற்குள் குடியுரிமை கிடைக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தால் அம்மாவுக்கும் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். நான் இங்கேயே பிறந்தவள். எனக்கு எந்தத் தாளும் வேண்டாம்.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை 31. கூடவே இரண்டு குடிமக்கள் எழுதிக் கையெழுத்திட்ட நற்சான்று. ஒன்று அப்பாவின் மேற்பார்வையாளர் கொடுத்துவிட்டார். இன்னொன்று அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் தர வேண்டும். அப்பா பிடித்தது இரண்டாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளரை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சங்கத்தை இன்னும் பள்ளிக்கூடமாகவே நடத்துகிறவர்.

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல விழா முடியட்டும்" என்றாராம்.

அதாவது முதலில் சர்க்கரை. கையெழுத்து பிறகு.

எரிச்சல் குறையவில்லை.

ஜூன் 25

அக்காவின் பிரசவத்துக்குப் போயிருக்கும் அம்மா போனில்: "உங்கப்பா கிண்டறாரா? நெசமாவா? வீடியோ எடுத்து அனுப்புடி. முப்பது வருஷத்துல எனக்கு ஒரு டம்ளர் காப்பி கலக்கிக் குடுத்ததில்ல."

சிரித்தேன். போனை வைத்ததும் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜூன் 29

மூன்று தடவை கிண்டிய சர்க்கரை குப்பைக்குப் போனது. பாகு ஆறும்வரை கரண்டியே படக்கூடாதாம், பட்டால் மணலாகிவிடும். அப்பா பொறுமையாகக் கை கட்டி நிற்கிறார். ஆறியதும், பளபளப்பு போகும்வரை அடிக்கிறார். தோள்பட்டை வலிக்க அடிக்கிறார்.

நீலம் பச்சையாகிறது: வெண்ணெயின் மஞ்சள் அதில் ஏறிக்கொள்கிறது. சிவப்போ, எவ்வளவு சாயம் விட்டாலும் ரோஜா நிறத்தைத் தாண்டுவதில்லை. மேலும் விட்டால் கசக்கிறது.

"கசந்தா பரவால்ல. செவப்பா இருக்கணும்" என்கிறார்.

யாரிடம் சொல்லி அழ.

ஜூலை 3

நீலம் வந்துவிட்டது. அப்பா விசில் அடிக்கிறார். அதுவும் தேசிய கீதம்.

ஜூலை 5

ருசி பார்க்க நான்கு துண்டுகளோடு இறங்கினோம். அப்பா செயலாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அந்தம்மா உள்ளே கூப்பிடவேயில்லை. அப்பா வெறுங்காலோடு அப்படியே வெளியில் நின்றார்.

"நம்ம லிஃப்ட்காரருக்கு இவ்ளோ வருமா! நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, கொடின்னா கொடி மாதிரி இருக்கணும். மேல நீலம், நடுவுல வெள்ளை, கீழ சிவப்பு. மாத்திகீத்தி வெச்சுடாதீங்க. ஊரே பாக்கும்."

"சரிங்க மேடம். சரிங்க."

இரண்டு முறை. ஏன் இரண்டு முறை? ஒரு சரி போதாதா?

மேலே ஏறும்போது எதிர்வீட்டுப் பேருந்து ஓட்டுநர் பனியனோடு படியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, வாசனை ஆளைத் தூக்குதே. நமக்கொண்ணு கெடையாதா?"

"விழாவுல குடுப்பாங்க." முகம் கொடுக்காமல் கதவைத் திறந்தார் அப்பா. உள்ளே வந்ததும் முணுமுணுப்பு: "படியில பனியனோட உக்காந்துக்கிட்டு. இவனெல்லாம் குடிமகன்."

கீழே ஒரு குரல், மேலே ஒரு குரல். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

ஜூலை 10

முதல் தட்டு முடிந்தது. நூற்றைம்பது துண்டு வரும்.

"தட்டோட அடிப்பக்கம்தான் வழவழன்னு வரும். அதுதான் மேல தெரியணும். அதனால விழாவுல கவுத்து எடுக்கப்போறோம். அப்ப மொதல்ல எந்தக் கலர ஊத்தணும்?"

"நீலம்."

"அதான். தலைகீழா ஊத்தினா, கவுக்கறப்ப நேராயிடும்." ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்தது ஆத்திரம்.

"கெஞ்சறதுக்கு எதுக்குப்பா இவ்ளோ கலரு? வெறுங்கையோட போய்க் கெஞ்சக் கூடாதா?"

கரண்டியைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

திட்டியிருக்கலாம்.

ஜூலை 11

மதியம் அப்பாவுக்கு அழைப்பு. மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது. மூன்று பாத்திரங்களும் தயார், கலர்கள் கலந்தாயிற்று. "ரெண்டாவது தட்ட நீ ஊத்திடு கண்ணு" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

ஊற்றினேன்.

நேராக எழுதுகிறேன். சிவப்பை முதலில் ஊற்றிவிட்டேன். சுவரில் அவர் ஒட்டிய கொடிப் படத்தில் சிவப்பு அடியில். கை அதைப் பார்த்து ஊற்றிவிட்டது. அது தவறுதான், சத்தியமாகத் தவறு.

ஆனால் வெள்ளையைக் கையில் எடுத்தபோது தெரிந்துவிட்டது. நின்றேன். சிவப்பைச் சுரண்டி எடுத்திருக்கலாம். நேரம் இருந்தது. பதிப்பகத்தில் நாள் முழுக்கப் பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு.

வெள்ளையை ஊற்றினேன். அதன் மேல் நீலம்.

யாரைப் பழிவாங்க? செயலாளரையா? கொடியையா?

அப்பா ஆறு மணிக்குக் கிரீஸ் கையோடு வந்தார். தட்டை மூடியிருந்த தாளின் மேல் மெதுவாகக் கையை வைத்துப் பார்த்தார். "நல்லா இறுகியிருக்கு" என்றார்.

நான் கரண்டிகளைக் கழுவப் போனேன்.

ஜூலை 12

குடியிருப்பு முற்றம். வெயில். நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். செயலாளர் ஒலிபெருக்கியில், "இப்ப நம்ம லிஃப்ட்காரர் ஒரு இனிப்பான ஆச்சரியம் வெச்சிருக்கார்!"

முதல் தட்டைக் கவிழ்த்தார் அப்பா. தாளை உரித்து, கத்தியால் ஓரத்தைச் சீவினார். நீலம், வெள்ளை, சிவப்பு. கைதட்டினார்கள். அப்பா நிமிர்ந்து என்னைத் தேடினார். காகிதத் தட்டுகளை அடுக்குகிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான்கு எட்டு தூரம்தான்.

இரண்டாவது தட்டு. கவிழ்த்தார். உரித்தார். மேலே சிவப்பு.

கத்தி அப்படியே நின்றது.

"என்ன இது?" ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார் செயலாளர். முற்றம் முழுக்கக் கேட்டது. "தலைகீழா இருக்கு? இன்னைக்கா இந்த வேலை?"

பின்னாலிருந்து யாரோ: "விடுங்க, அவங்களுக்கு அது வெறும் கலர்தானே."

ரெண்டு பேர் சிரிச்சாங்க. ரெண்டே ரெண்டு பேர்தான். மத்தவங்க தரையப் பாத்துக்கிட்டு நின்னாங்க, அது அதைவிடக் கேவலம்.

இந்தத் தட்டை ஊற்றியது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"என் தப்புதான் மேடம். மன்னிச்சுக்கணும்."

வெட்டி, ஒவ்வொரு துண்டாகக் கையால் திருப்பி வைத்தார். கரடுமுரடான பக்கம் மேலே வந்தது. நூற்றைம்பது துண்டு. நான் போய்ச் சேர்ந்து திருப்பவில்லை.

ஜூலை 13

செயலாளர் சொல்லி அனுப்பியது: கையெழுத்து விஷயத்தை "கொஞ்சம் யோசிக்கணும்."

ஜூலை 14

இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். "அந்தத் தட்ட ஊத்தினது நான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது."

கத்துவார் என்று தயாராக நின்றேன். கத்தினால் திருப்பிக் கத்த நான்கு வாக்கியங்கள் படியிலேயே சேர்த்து வைத்திருந்தேன்.

செயலாளர் சிரித்துவிட்டார்.

"நீயா? அட! மொதல்லயே சொல்லியிருக்கலாமே. சின்னப் பொண்ணு, ஏதோ அவசரத்துல. நீ இங்கயே பொறந்தவ, உனக்குத் தெரியாதா என்ன? உள்ள வா, ஜூஸ் குடிக்கிறியா?"

உள்ளே கூப்பிட்டார். ஜூஸ் வேறு.

அதே தட்டு. அதே சிவப்பு. அவர் செய்தால் அவமரியாதை, நான் செய்தால் அவசரம்.

குடிக்கவில்லை.

ஜூலை 15

அப்பாவிடம் மீதியையும் சொன்னேன். வெள்ளை ஊற்றும்போதே தெரியும் என்பதை.

ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சா ஊத்தின?"

"தெரிஞ்சுதான்."

எழுந்தார். ஒரு கால் நாடா கட்டாமலே கிடந்தது.

"எம் மேல கோபம்னா எம் மூஞ்சிக்கு நேரா கத்து! தட்டுல ஏன்டி காட்டற? அத்தன பேர் முன்னாடி அதக் கவுத்தது என் கை!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "கெஞ்சறேன்னு சொன்னல்ல? ஆமா, கெஞ்சினேன். இருபத்தாறு வருஷமாக் கெஞ்சறேன். நீ கெஞ்சாம நிக்கறியே, அது எப்படின்னு நெனச்ச?"

கதவைச் சாத்திக்கொண்டு போனார். படியில் அவர் நாடா தட்டித்தட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

நானும் கத்தினேன், காலி வீட்டுக்குள்ள. என்ன கத்தினேன்னு இங்க எழுத மாட்டேன்.

ஜூலை 17

செயலாளர் தானே மேலே ஏறி வந்தார். நற்சான்றைத் தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டு எடுத்து வந்திருந்தார். "உங்க பொண்ணு எல்லாம் சொன்னா. பெரிசு பண்ண வேண்டாம்னு நானே கொண்டாந்துட்டேன்."

அப்பா உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். தாளை முழுக்கப் படித்தார். மடித்து, திருப்பி நீட்டினார்.

"இது வேணாங்க."

"என்னது?"

"நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சீங்க. அன்னைக்கு யோசிக்கணும்னீங்க. தப்புப் பண்ணாதவனுக்குத்தான் இந்தக் கையெழுத்துன்னா, எத்தன நாளைக்கு நான் அதக் காப்பாத்த முடியும்? மனுஷன் நாளைக்கே ஒரு தப்புப் பண்ணுவேன்."

இந்த முறை 'மேடம்' இல்லை.

அந்தம்மா போனபின் எனக்குப் பயம் வந்தது. நிஜப் பயம். கடைசி நாளுக்குப் பதினான்கு நாள். கையில் இருப்பது ஒரே ஒரு நற்சான்று. அம்மாவிடம் யார் சொல்வது? என் வீம்பைத்தான் இவர் இப்போது எடுத்து மாட்டிக்கொண்டாரா? அது எனக்குப் பொருந்தும். இவருக்குப் பொருந்துமா?

கேட்கலாம். ஆனால் என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 20

சோறு வைக்கிறார். விளக்கை அணைக்கிறார். பேசவில்லை.

ஜூலை 24

மாலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஓட்டுநர் பனியனோடு திறந்தார். அப்பாவின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் அவரும் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பதினோரு வருஷமா எதிரெதிர் கதவு. ஒரு உதவின்னு நீங்க கேட்டதே இல்லையே அண்ணே. என்னைப் பிடிக்காதுன்னே நெனச்சிருந்தேன்."

"பிடிக்காமத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா.

ஓட்டுநர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு கீழ்மாடிவரை போயிருக்கும்.

எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். தன் எழுத்தைத் தன்னாலேயே படிக்க முடியாது என்று பேனாவை என்னிடம் தள்ளினார். விண்ணப்பதாரரின் குணநலன் பற்றி எழுதுக: ஆறு கோடுகள்.

"எழுதும்மா. காலையில அஞ்சரைக்குக் கெளம்புவார். எம் பொண்டாட்டி தூங்கறான்னு கதவைச் சத்தமில்லாம சாத்துவார். படியில பல்பு போனா இவர்தான் மாத்துவார், சங்கம் மாத்துச்சுன்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. அந்த நோட்டீஸ் வேணாம், பல்பு மட்டும் எழுது. அப்புறம்... ஆங். கோபமே வராத மனுஷன்."

எழுதினேன்.

அப்பா சமையலறையிலிருந்து அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார்.

"கடைசி வரி வேண்டாம்" என்றார். ஒன்பது நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அது பொய். அடிச்சிடு."

அடித்தேன். ஓட்டுநர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.