வேணும்னு உடைச்ச குரல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேருந்து தூறல். ஆபீஸுக்கு அரை நாள் லீவு. பைக் வேணாம்னு ஷீலா ஒத்தைக் கால்ல நின்னா, ஆட்டோ. தொம்மலூர்ல இ.என்.டி. டாக்டர்.

மூக்கு வழியா கேமரா. கண்ணுல தண்ணி கொட்டுது. "ஈ" சொல்லச் சொன்னார், சொன்னேன். "பாடுவீங்களாமே, ரெண்டு வரி பாடுங்க." அதையும் பண்ணேன். "குரல் இப்படி நடுவுல உடையுறது எத்தனை நாளா?"

சிரிப்பு வந்துடுச்சு. சார், அது ராக்கபில்லி. ஐம்பதுகள்ல அமெரிக்காவுல பாடுனது. விக்கல் எடுக்குற மாதிரி குரலை வேணும்னே உடைக்கணும், அதான் அழகுன்னேன். ஷீலாவும், "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான் டாக்டர்"னா.

அவர் சிரிக்கல. திரையைக் காட்டினார். இடது பக்க குரல் நாண் சரியா அசையல. கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு ஸ்கேன், ஊசி டெஸ்ட் எழுதினார். கன்னடத்துலயும் தமிழ்லயும் சொன்னார்: "ஹெதரபேடி, பயப்படாதீங்க." அதுவரைக்கும் பயம் இல்ல. அதுக்கப்புறம்தான்.

வாங்கணும்: பால், கொத்தமல்லி, கிடாருக்கு ஒரு செட் கம்பி.

ஜூலை 9, புதன்

ஸ்கேன், ஊசி ரெண்டும் முடிஞ்சது. கழுத்து வலி. சாப்பாடு இறங்கல.

பப்ல பாடுனதெல்லாம் போன்ல இருக்கு, உக்காந்து கேட்டேன். போன வருஷம் குரல் உடையுறது நான் நினைச்ச இடத்துல, வார்த்தை முடியப் போறப்ப. இந்த வருஷம் எங்க வேணா உடையுது. அங்கதான் ஜனங்க ஜாஸ்தி விசிலடிக்குறாங்க. என்கூட பேஸ் கிடார் வாசிக்குற ஆன்டனி மேடையிலேயே "செமடா மச்சா"ங்குறான். நானும் பெரிய இவன் மாதிரி தலையாட்டுறேன். இத்தனை மாசமா கைதட்டு வாங்குனது நோய். கர்நாடக சங்கீதம் பாடுறவனா இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பான்.



ஜூலை 11, வெள்ளி

ரிசல்ட். தைராய்டுல கட்டி, நல்ல கட்டி இல்ல. எடுத்துட்டா உயிருக்கு ஒண்ணுமில்லையாம். ஆனா குரலுக்குப் போற நரம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. திங்கள் ஆபரேஷன். நரம்பைக் காப்பாத்தப் பார்ப்பாங்களாம். முடியலைன்னா வெட்டணும்.

"அப்புறம் பேச்சு?"ன்னு கேட்டேன். காத்து கலந்து வரலாம்னார். பாட்டைப் பத்தி அவரும் சொல்லல, நானும் கேக்கல. தைரியம் இல்ல.

ஷீலா: "ஒண்ணும் ஆகாது." ஆட்டோல, லிஃப்ட்ல, சோறு போடும்போது. நான் பயந்து சாகுறேன், இவ என்னடான்னா குழம்பு இன்னும் ஊத்தவாங்குறா. எரிஞ்சு விழுந்தேன்.

ஜூலை 12, சனி

ஆன்டனி வீடு. ரெக்கார்ட் பண்ணியே ஆகணும்னான். பழைய முறைல. டிரம் கிடையாது, ஆளுயர பேஸோட கம்பியை இழுத்து விட்டு பலகையில அடிக்குறதுதான் தாளம். ஒரே மைக், ஒரே தடவை. எதிரொலிக்கு அந்த ராக்கபில்லி ஆளுங்க டேப் மெஷின் வெச்சிருந்தாங்க, எங்களுக்கு மாடிப்படி.

அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பசங்க பாதிப் பேர் வயல்லயும் லாரியிலயும் இருந்தவங்க. கறுப்பர்களோட ப்ளூஸ் பாட்டைத் தங்களோட ஊர்ப் பாட்டோட கலந்தாங்க. முதல்ல பாடுன கறுப்பர்ல எத்தனை பேருக்குக் காசும் இல்ல பேரும் இல்ல. இவங்கள்லயும் நிறையப் பேர் ஒரு ரெக்கார்டு போட்டாங்க, அதோட சரி, ஆள் எங்கன்னே தெரியல. அப்படி ஒரு இசைத்தட்டு கண்டோன்மென்ட்ல ஆன்டனியோட மாமாகிட்ட இருந்துச்சு, அதைக் கேட்டுத்தான் நாங்க ரெண்டு பேரும் இதுல விழுந்தோம். இதையெல்லாம் மேடையில எவ்வளவு ஜாலியா சொல்லியிருக்கேன். இன்னைக்கு நினைச்சா பயமா இருக்கு.

"சாகப் போறவனைப் போட்டோ எடுக்குற மாதிரி இருக்குடா."

"வாயை மூடிட்டுப் பாடு."

"எப்படிடா ரெண்டையும் பண்றது?"

ரெண்டு பாட்டு. நாலஞ்சு இடத்துல உடைஞ்சுது. எது நான் பண்ணது, எது கட்டி பண்ணது, திருப்பிக் கேட்டா எனக்கே தெரியல. ஆன்டனி பேஸைத் துடைக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். பாட்டுக்கு எழுந்து நின்னு வெறும் வாயசைச்சேன். பாடுனா இருக்குறதும் தேஞ்சு போயிடுமோன்னு. பைத்தியக்காரத்தனம், தெரியும்.

பை: லுங்கி, சார்ஜர், பிரஷ், ஸ்கேன் கவர். ரெக்கார்ட் பண்ண ரெண்டு பாட்டையும் ஷீலாவுக்கு அனுப்பினேன். கேட்டியான்னா, அப்புறம் கேக்குறேங்குறா.

சாயங்காலம் அட்மிட். ஜன்னலோர பெட். ஷீலா டீ வாங்கக் கீழ போயிருக்கா, அதுக்குள்ள எழுதுறேன்.

கொஞ்சம் முன்னாடி சேரை இழுத்துப் போட்டு உக்காந்தா. போன்ல ரெக்கார்டைத் தட்டி என் வாய்கிட்ட நீட்டினா.

"பாட்டு வேணாம். அது எல்லாருக்கும் பாடுறது. என்னைக் கூப்பிடு. வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே கூப்பிடுவியே, அப்படி."

போன் ஆடுது. அவ கை நடுங்குது. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு இத்தனை நாளா தனக்கே சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. நான் எரிஞ்சு வேற விழுந்தேன்.

"ஷீலா"ன்னேன்.

"இன்னொரு தடவை."

கூப்பிட்டேன். போதும்னு சொல்லுவாளோன்னு பார்த்தேன். சொல்லல. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்.